“கஷ்டப்பட்டவரு, அதான் அப்படி”: அப்படியா?

தரமணியில் நான் வேலை பார்த்த முதல் ஆபீஸ்ல ஒரு டீம் லீட் இருந்தார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து நான் முடிச்ச வேலையை, காலைல கிளையன்ட் கால்ல “நான் பண்ணேன்”னு சொல்வார். ஒரு சின்னத் தப்பைச் சுட்டிக்காட்டினா மூணு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஒருநாள் டீக்கடையில அவரே சொன்னார்: மார்க் குறைஞ்சா அப்பா பெல்ட்டால அடிப்பாராம். எனக்கு மனசு இளகிடுச்சு. “பாவம், கஷ்டப்பட்டவரு, அதான் அப்படி”ன்னு இரண்டு வருஷம் அங்கேயே இருந்தேன்.

அந்த “அதான்” எவ்வளவு தூரம் சரி?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நார்சிசம்ங்கிற குணம் எல்லார்கிட்டயும் கூடக்குறைச்சலா இருக்கும். ஆளுமைக் கோளாறு வேற. அமெரிக்க மனநல மருத்துவர்களோட டிஎஸ்எம் கையேட்டில் அது 1980இல்தான் இடம்பிடித்தது. ஒன்பது அறிகுறிகளில் ஐந்தாவது இருக்கணும், அதையும் மருத்துவர்தான் சொல்லணும். ரீல்ஸ் பார்த்துட்டு எக்ஸுக்கு நாம ஒட்டுற லேபிள் செல்லாது. என் லீடுக்கும் நான் ஒட்டலை.

குணத்திலும் இரண்டு ரகம். “என்னை மாதிரி யாரு”ன்னு நெஞ்சை நிமிர்த்துறது ஒண்ணு. “என்னை யாருமே மதிக்கலையே”ன்னு உள்ளுக்குள்ள புழுங்கி, சின்ன விமர்சனத்துக்கும் நொறுங்கிப்போறது இன்னொண்ணு. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம். சின்ன வயசு அடி, அவமானம், புறக்கணிப்பு இதெல்லாம் ஆய்வுகளில் அதிகமா சேர்ந்து வர்றது இரண்டாவது ரகத்தோடதான். அதுவும் தொடர்புதான், விதி இல்லை. பிறவிச் சுபாவத்துக்கும் பங்கு உண்டு. அடி வாங்கி வளர்ந்த பெரும்பாலானவங்க இப்படி ஆகிறதில்லை.

முதல் ரகத்துக்கு வேற கதை. நெதர்லாந்தில் 565 பிள்ளைகளையும் அவங்க பெற்றோரையும் ஆறு மாசத்துக்கு ஒருமுறையா நாலு தடவை கேட்டு, 2015இல் முடிவை வெளியிட்டாங்க. “என் பிள்ளை மத்தவங்களைவிட ஒசத்தி”ன்னு தூக்கி வச்ச வீட்டுல நார்சிசம் கூடியிருந்தது. வெறும் பாசம் காட்டின வீட்டுல கூடினது சுயமதிப்பு.

இதைப் படிச்சப்போ எனக்குத் தோணினது: நம்ம ஊர்ல இந்த இரண்டும் ஒரே வீட்லயே நடக்குதே! 98 வாங்கினா “என் சிங்கம்”, தெருவெல்லாம் ஸ்வீட். 70 வாங்கினா பெல்ட். அந்தப் பையனை மார்க் இல்லாம யாரும் பார்த்ததே இல்லை. இது என் ஊகம்தான், ஆய்வு இல்லை.

இது உங்க கதையா இருந்தா, டெலி மானஸ் 14416, தமிழ்லயே இலவசமா பேசலாம்.

நான் பேப்பர் போட்ட அன்னைக்கு லீட் கேட்டார், “எனக்குப் போய் ஏன் இப்படிப் பண்றே?” கண் கலங்கியிருந்தது. ஒரு நிமிஷம் தடுமாறினேன். அப்புறம் பறக்கும் ரயிலைப் பிடிக்க தரமணி ஸ்டேஷனுக்கு நடந்துட்டேன்.