மாமல்லபுரத்தில் செல்ஃபி ஓகே... ட்ரைபாட் வைத்தால் தடுப்பது ஏன்? விதிகள் சொல்வது என்ன?

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன்பு செல்ஃபி எடுத்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. ட்ரைபாட் விரித்தால் காவலர் தடுப்பார். ஏன்?

எது ஓகே?
தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில் கையில் பிடித்து போட்டோ எடுக்கலாம். 2018 ஜூலையில் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபோதும் தாஜ்மஹால் கல்லறை மண்டபம், அஜந்தா குகைகள், லே அரண்மனை ஆகியவற்றில் தடை நீடித்தது. பலத்த வெளிச்சம் பட்டுப் பட்டு பழைய ஓவியங்களின் நிறம் மங்கினால், திரும்ப வராது.

எதற்கு அனுமதி?
ட்ரைபாட், ட்ரோனுக்கு முன் அனுமதி வேண்டும். சினிமா படப்பிடிப்புக்கு 1959-ம் ஆண்டு விதிகளின்படி கட்டணம் செலுத்தி உரிமம் பெறணும்.

கல்யாண போட்டோ ஷூட் பிளானா? முதலில் தொல்லியல் துறையிடம் கேளுங்க; அப்புறம் போட்டோகிராஃபருக்கு அட்வான்ஸ் கொடுங்க.