பாம்பு கடிச்சா முதல்ல என்ன செய்யணும்?



நம்ம லால்பேட்டையைச் சுற்றி ஒரு பக்கம் வீராணம் ஏரி, மறுபக்கம் வாய்க்காலும் வயலும் வெற்றிலைக் கொடிக்காலும்தான். நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரத்தான் செய்யும். களை எடுக்கிறதும், கட்டு தூக்கறதும், விறகு அடுக்கறதும், விடியக்காலையில மாட்டுக் கொட்டகைக்குப் போறதும் பெரும்பாலும் பெண்கள்தான். அதனால் இந்த முதலுதவியை நம் குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்திருக்கிறார்கள் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். மருந்து இருந்தும், நேரத்துக்குப் போய்ச் சேராததால் போன உயிர்கள் இதில் நிறைய. அந்த நேரத்தைத்தான் நாம் காப்பாற்ற வேண்டும்.

நாலு பாம்பு

எல்லாப் பாம்புக்கும் விஷம் கிடையாது. சாரைப் பாம்பு, தண்ணீர்ப் பாம்பு கடித்தால் உயிருக்கு ஆபத்து இல்லை. நம் நாட்டில் அதிக உயிர்களை வாங்குவது நாலு பாம்புகள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும். கண் இமை தானாக மூடிக்கொள்ளும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நின்றுவிடும். மற்ற இரண்டு விரியன்களும் ரத்தத்தைக் கெடுக்கும். கடித்த இடம் வீங்கும், வலி தாங்காது, ஈறிலிருந்தும் சிறுநீரிலும் ரத்தம் வரும். கண்ணாடி விரியன் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

கட்டுவிரியன் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ராத்திரி தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அது பெரும்பாலும் கடிக்கும். வலியும் இருக்காது, பல் பட்ட தடமும் சரியாகத் தெரியாது. விடியக்காலையில் வயிற்று வலி, வாந்தி, கண் சொருகல் என்று எழுந்தால் "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். தரையில் படுத்தவருக்கு இப்படி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

செய்ய வேண்டியவை

1. பாம்பை விட்டு விலகுங்கள். அடித்துப் பிடிக்கப் போனால் இன்னொருவரும் கடிபடுவார். மருத்துவர் அறிகுறியைப் பார்த்தே வைத்தியம் செய்வார், பாம்பைக் கொண்டு போக வேண்டியதில்லை.

2. கடிபட்டவருக்குத் தைரியம் சொல்லுங்கள். கட்டுவிரியனை 'எட்டடி விரியன்' என்பார்கள், எட்டு அடி நடப்பதற்குள் உயிர் போய்விடுமாம். அது உண்மையில்லை. உடனே கிளம்பினால் ஆஸ்பத்திரி போய்ச் சேர பெரும்பாலும் நேரம் இருக்கிறது. பயத்தில் ஓடினால்தான் விஷம் வேகமாகப் பரவும்.

3. மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் வந்தபின் கழற்ற முடியாது, ரத்த ஓட்டமே தடைபடும்.

4. கடிபட்ட கை காலை அசைக்க விடாதீர்கள். உடைந்த காலுக்குக் கட்டுவது போல ஒரு குச்சியோ பலகைத் துண்டோ வைத்து, துணியால் தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாமல் தூக்கிக் கொண்டு போங்கள்.

5. 108-க்கு போன் போடுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால் ஆட்டோ, கார் எது கிடைக்கிறதோ அதில் கிளம்புங்கள். பைக் மட்டும்தான் என்றால் ஓட்டுபவருக்கும் பின்னால் ஒருவருக்கும் நடுவில் அவரை உட்கார வையுங்கள்.

6. வாந்தி வந்தாலோ மயக்கமாக இருந்தாலோ இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

7. எத்தனை மணிக்குக் கடித்தது, எங்கே கடித்தது, வழியில் என்ன மாற்றம் தெரிந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

இறுக்கிக் கயிறு கட்டக் கூடாது. ரத்தம் போகாமல் கை காலே அழுகிப் போகலாம். யாராவது ஏற்கனவே கட்டியிருந்தால் சட்டென்று அவிழ்க்காதீர்கள். தேங்கி நின்ற விஷம் ஒரேயடியாக உடம்புக்குள் ஏறும். மருத்துவர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும்.

பிளேடால் கீறக் கூடாது. வாயால் உறிஞ்சக் கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, ஐஸ் எதுவும் வைக்கக் கூடாது. மிளகு கொடுத்து, வேப்பிலை கொடுத்து "காரம் தெரியுதா, கசக்குதா" என்று சோதிப்பதும் நேரத்தை வீணாக்குவதுதான்.

"எங்க ஊர்ல பச்சிலை கொடுத்தே நிறைய பேரு பிழைச்சிருக்காங்களே" என்று சிலர் கேட்பார்கள். பிழைத்தது உண்மைதான். ஆனால் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருந்திருக்கும். விஷப்பாம்பும் சில நேரம் விஷத்தை இறக்காமல் வெறுமனே கடிக்கும். அவர்கள் பச்சிலை இல்லாமலே பிழைத்திருப்பார்கள். விஷம் ஏறியவரை அது காப்பாற்றாது.

மருந்து எங்கிருந்து வருகிறது?

விஷமுறிவு மருந்துக்குத் தேவையான விஷம் நம் தமிழ்நாட்டிலிருந்துதான் நிறையப் போகிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த வேலையைச் செய்கிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். நாலு பாம்புக்கும் ஒரே மருந்து. இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இந்த மருந்து சிலருக்கு ஒவ்வாமை கொடுக்கும், அதனால் மருத்துவர் கண்காணிப்பில்தான் ஏற்ற வேண்டும். அரசு மருத்துவமனையில் இது இலவசம். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்திருப்பார்கள். உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். "சும்மா உட்கார வச்சிருக்காங்க" என்று நினைத்துக் கிளம்பி வந்துவிடாதீர்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்ப்பதுதான் முறை.

பாம்புக் கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. எந்த ஊரில் எவ்வளவு மருந்து தேவை என்று கணக்குப் பார்க்க இது உதவும்.

வருமுன் காப்போம்

ராத்திரி வெளியே போனால் டார்ச் லைட் கட்டாயம். தரையில் படுத்தால் கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். விறகு, வறட்டி, வைக்கோலை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். கையை விடுமுன் குச்சியால் தட்டிப் பாருங்கள்.

நம் குழு என்ன செய்யலாம்?

அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடுங்கள். ஒன்று, ராத்திரியில் கூப்பிட்டாலும் வரக்கூடிய இரண்டு ஆட்டோ ஓட்டுநர்களின் போன் நம்பரை எல்லா உறுப்பினர் வீட்டுச் சுவரிலும் எழுதி வைப்பது. இரண்டு, காட்டுமன்னார்கோயில் அரசு மருத்துவமனையிலும் சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மருந்து இருப்பையும், ராத்திரியில் எந்த வாசலில் போக வேண்டும் என்பதையும் ஊக்குநர் நேரில் கேட்டு வருவது. மூன்று, அவசர வண்டிச் செலவுக்குக் குழுச் சேமிப்பிலிருந்து உடனே எடுத்துத் தர ஒரு தொகையை ஒதுக்குவது. "கையில காசு இல்லை, விடியட்டும்னு பார்த்தோம்" என்று நம் குழுவில் எந்தக் குடும்பமும் சொல்லும் நிலை வரக் கூடாது.

இதைப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்குக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.