டைனமோ மீது பழி வேண்டாம்: பழைய டிராக்டருக்குச் சார்ஜிங் வயரிங்

மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்ததும் பூம்புகார், திருவெண்காடு, மேலையூர் பகுதிகளில் சேற்றுழவு சூடு பிடித்துவிடும். முறைத் தண்ணீர் இருக்கும்போதே உழவை முடிக்க வேண்டும் என்பதால் இரவிலும் விளக்கு போட்டு ஓட்டுவார்கள். அந்த நேரம் பார்த்துப் பழைய டிராக்டரின் செல்ஃப் இழுக்காமல் நின்றால் பெரும் திண்டாட்டம். மேட்டுப் பகுதிகளில் வண்டியைச் சரிவில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். டெல்டாவில் சரிவு ஏது? கேஜ்வீல் மாட்டிச் சேற்றில் நிற்கும் வண்டியைத் தள்ளவும் முடியாது.

உடனே புது பேட்டரி வாங்கிப் போடுகிறார்கள். அதுவும் சில வாரங்களில் இறங்கிவிடுகிறது. அடுத்து டைனமோவைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுக்கிறார்கள். கட்டி வந்த டைனமோவும் மறுபடி கருகுகிறது. இந்தச் செலவெல்லாம் சில நேரங்களில் ஒரே ஒரு வயரால் வருகிறது. அது ரெகுலேட்டர் பெட்டியின் எர்த் வயர்.

எது என்ன வேலை செய்கிறது?

1960-களின் தொடக்கத்தில் சென்னை செம்பியத்தில் டாஃபே நிறுவனமும், பாடியில் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனமும் உற்பத்தியைத் தொடங்கின. அந்தக் காலப் பாணியில் அமைந்த 12 வோல்ட் வண்டிகளில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். லூகாஸ் வகை டைனமோவின் பின்புறம் இரண்டு முனைகள் இருக்கும். பெரியது ‘டி’, மின்சாரம் வெளியே வரும் வழி. சிறியது ‘எஃப்’, உள்ளே இருக்கும் ஃபீல்டு காயிலுக்குப் போகும் வழி.

மெக்கானிக்குகள் ‘கட்-அவுட்’ என்று சொல்லும் ரெகுலேட்டர் பெட்டிக்குள் இரண்டு காந்தச் சுருள்கள் உண்டு. முதல் சுருள், டைனமோ ஏறக்குறைய 13 வோல்ட் கொடுக்கத் தொடங்கியதும் அதைப் பேட்டரியோடு இணைக்கும். எஞ்சின் நின்றதும் பிரித்துவிடும். இரண்டாவது, வேகம் கூடும்போது வோல்ட் எல்லை மீறாமல் ஃபீல்டு காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும்.

இந்த இரண்டு சுருள்களும் வேலை செய்ய எர்த் தேவை. எர்த் விட்டுப்போனால் முதல் சுருள் இழுக்காது. பேட்டரிக்குச் சார்ஜ் போகாது. இரண்டாவது சுருளும் தடுக்காது. ஃபீல்டு காயிலுக்கு அளவில்லாமல் மின்சாரம் பாய்ந்து டைனமோ சூடாகிக் கருகும். எர்த் சரியில்லாமல், காயிலை மட்டும் கட்டிப் போட்டு என்ன பயன்?

வயரிங் செய்யும் முறை

முதலில் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்ற வேண்டும். வேலை முடிந்த பிறகு கடைசியாக மாட்ட வேண்டியதும் அதுவே. பெட்டியின் முனைகளில் உள்ள ஆங்கில எழுத்துகளைப் பார்த்து இப்படி இணைக்க வேண்டும்:

• டி: டைனமோவின் பெரிய முனைக்கு. 4 அல்லது 6 சதுர மி.மீ. வயர்.
• எஃப்: டைனமோவின் சிறிய முனைக்கு. 1.5 சதுர மி.மீ. போதும்.
• ஏ: ஆம்பியர் மீட்டர் வழியாகப் பேட்டரிக்கு. 4 அல்லது 6 சதுர மி.மீ.
• ஏ1: விளக்கு, ஹாரன் சுவிட்சுகளுக்கு.
• இ: எர்த். 2.5 சதுர மி.மீ. வயரை வண்டியின் பாடியிலும், அதே வயரை நீட்டி டைனமோவின் உடம்பிலும் இணைப்பது நல்லது.

வீட்டு வயர் வேண்டாம். அதிர்வைத் தாங்கும் பல இழை ஆட்டோ வயரே ஏற்றது. முறுக்கிச் சுற்றி டேப் ஒட்டாமல் லக் வைத்து அழுத்த வேண்டும். எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டையும் துருவையும் பளிச்சென்று சுரண்டி, இறுக்கிய பின் வாசலின் தடவ வேண்டும். கடல் காற்று படும் ஊர்களில் உப்பு ஏறி லக்கில் பச்சைக் களிம்பு சீக்கிரம் பிடித்துவிடும்.

டைனமோவைக் கழற்றும் முன் சோதனை

ஃபேன் பெல்ட் தொய்வில்லாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு டைனமோவின் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, டி, எஃப் முனைகளைச் சிறு வயரால் சேர்க்க வேண்டும். அந்த இணைப்புக்கும் டைனமோ உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்து வேகத்தை மெதுவாகக் கூட்ட வேண்டும். வோல்ட் மளமளவென்று ஏறினால் டைனமோ நன்றாக இருக்கிறது. 20 வோல்ட்டை எட்டும் முன் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன் பிரஷ், 1 வோல்ட்டுக்குள் நின்றால் ஃபீல்டு காயில், 4, 5 வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர் என்று சந்தேகிக்கலாம்.

டைனமோ நன்றாக இருந்தால் வயர்களைத் திரும்ப மாட்டி, எஞ்சின் நடு வேகத்தில் ஓடும்போது பெட்டியின் ‘இ’ முனைக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜிங் சரி. 15-ஐத் தாண்டினால் பேட்டரித் தண்ணீர் வற்றும், பல்புகள் ஃபியூஸ் போகும்.

எஞ்சினை நிறுத்திய பிறகும் ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் நன்றாகச் சாய்ந்தே இருந்தால், கட்-அவுட் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். உடனே பேட்டரி கேபிளைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் டைனமோவும் வயரும் எரியும்.

கேள்வி – பதில்

காயில் கட்டிய டைனமோவை அப்படியே மாட்டலாமா?

முனை மாறியிருந்தால் கட்-அவுட் புள்ளிகள் கருகும். டைனமோவின் இரண்டு வயர்களையும் மாட்டும் முன், பேட்டரியின் எர்த் இல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து, டைனமோவின் எஃப் முனையில் இரண்டு, மூன்று முறை தொட்டு எடுக்க வேண்டும். பொறி பறக்கும் என்பதால் தொடுவது டைனமோ பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பேட்டரி பக்கத்தில் கூடாது. இது லூகாஸ் வகைக்குரிய முறை. வேறு வகை டைனமோவுக்கு இது பொருந்தாமல் போகலாம்.

விளக்கு போட்டு மெதுவாக ஓட்டினால் முள் மைனஸ் காட்டுகிறதே?

டைனமோவுக்கு அது இயல்புதான். குறைந்த வேகத்தில் அது போதிய மின்சாரம் தராது. வேகம் கூட்டியதும் முள் பிளஸ் பக்கம் வர வேண்டும்.

ஆல்டர்னேட்டருக்கு மாறலாமா?

இரவு உழவு அதிகம் என்றால் மாறலாம். குறைந்த வேகத்திலும் சார்ஜ் ஏறும். ஆனால் சில பழைய வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை எர்த் ஆக இருக்கும். அதை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றாமல் இன்றைய ஆல்டர்னேட்டரை இணைத்தால், அதன் டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

நெல் மூட்டை ஏற்றி இருட்டில் சாலையில் வரும் டிரெய்லருக்கு உயிர்க்காவல் பின் விளக்குதான். அது எரிவதும் இதே வயரிங்கை நம்பித்தான். ஜூன் தண்ணீருக்கு முன், மே மாதத்தில் ஒரு காலைப் பொழுதை இந்தச் சோதனைக்கு ஒதுக்கினால் போதும்.