பந்து எங்கே திரும்பும்?

அரியலூர் என்றதும் சிமெண்டு ஆலைகள் நினைவுக்கு வரும். அரியலூரிலும் பெரம்பலூரிலும் சிமெண்டுத் தரை இல்லாத தெரு ஏது? அந்தத் தரைதான் இன்று நமது ஆய்வுக்கூடம்.

ஒரு பிங்பாங் பந்தைத் தரையில் வையுங்கள். உங்கள் பக்கத்து விளிம்பை விரலால் கீழே அழுத்தி நழுவ விடுங்கள். பந்து முன்னே பாய்ந்து, பிறகு உங்களிடமே திரும்பி வரும். விரல் அதற்குப் பின்சுழற்சி கொடுத்தது. தரையின் உராய்வு அதைத் திருப்பியது.

இப்போது இரண்டு சாண் நீளத்துக்குத் தேங்காய் எண்ணெயை மெல்லிதாகத் தடவி, அதன்மேல் செய்து பாருங்கள். பந்து வழுக்கும், திரும்பத் தாமதமாகும். (பிறகு தரையைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்!)

சென்னை போன்ற நகரங்களில் ‘பௌலிங்’ என்றொரு உள்ளரங்க விளையாட்டு உண்டு. 60 அடி தூரத்தில் தொடங்கும் பத்துக் கட்டைகளைப் பந்தை உருட்டி வீழ்த்த வேண்டும். பந்து 16 பவுண்டு, அதாவது சுமார் 7¼ கிலோ வரை இருக்கலாம். தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட் இதில் தேசியப் பட்டம் வென்றவர்.

இங்கே பாதையின் முன்பகுதியில் எண்ணெய் பூசுவார்கள். பக்கவாட்டில் சுழலும் பந்து எண்ணெயில் வழுக்கிப் போகும். வறண்ட பகுதியில் உராய்வு பிடித்ததும் வளையும். அப்படிச் சாய்வாக மோதினால் அதிகக் கட்டைகள் விழ வாய்ப்புண்டு.

பாதை வறண்டிருந்தால் என்ன ஆகும்? பந்து சீக்கிரமே வளைந்துவிடும். அதன் வேகமும் சுழற்சியும் ஒத்துப்போனதும் வழுக்கல் நின்று வெறும் உருளல் தொடங்கும். அதன்பின் வளைவு இல்லை. சந்தைக்குக் கொண்டுபோன காசை வழியிலேயே செலவழித்த கதைதான்!

ஆகவே வறண்ட பாதைக்கு, பிடிப்புக் குறைந்த, வழவழப்பான பிளாஸ்டிக் பந்து ஏற்றது. எண்ணெய் 35 அடிக்குள் முடிந்தால் மீதி 25 அடியும் வறட்சிதான். அங்கே சட்டென்று திரும்பாமல் சீராக வளையும் யூரிதேன் பந்தைப் பலர் எடுப்பார்கள். எண்ணெய் மிகுந்த பாதைக்கோ, நன்றாகப் பற்றும் பிசின் பந்து வேண்டும்.

இன்னொன்று: ஒவ்வொரு முறையும் பந்து கொஞ்சம் எண்ணெயை வாரிக்கொண்டு போகும். காலையில் சரியாக இருந்த பந்து மாலையில் தவறாகலாம்! அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பல பந்துகளுடன் வருகிறார்கள்.

அதே சோதனையைக் கோலிக்குண்டிலும் ரப்பர் பந்திலும் செய்யுங்கள். எது முதலில் திரும்புகிறது? ஏன்?