‘பயமாக இருக்கிறது’ என்று எழுதினால் போதாது

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பிள்ளையின் கஸ்டடி முழுக்க எனக்கே வேண்டும், அப்பா பார்க்க வந்தால் கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று கேட்கிற அம்மாக்கள் பலர் முதலில் கல்யாணக் கதையைத்தான் சொல்வார்கள். வரதட்சிணை, மாமியார், வேறொரு பெண். அவ்வளவும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது விவாகரத்து மனுவுக்கு உரிய கதை. கஸ்டடி மனுவில் நீதிபதி தேடுவது வேறு: இந்தப் பிள்ளை அந்த மனிதரோடு தனியாக இருந்தால் அதற்கு என்ன ஆகும்?

சட்டமும் அங்கேதான் நிற்கிறது. எல்லா மதத்தாருக்கும் பொதுவானது 1890ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம். பிள்ளை வழக்கமாக எந்த ஊரில் வசிக்கிறதோ அந்த எல்லைக்குரிய கோர்ட்டில் மனுப் போட வேண்டும். அம்மாவும் போடலாம், அப்பாவும் போடலாம். இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது.

2008இல் உச்ச நீதிமன்றம் நீல்ரத்தன் குண்டு வழக்கில் இதை அழுத்திச் சொன்னது. ஒரு பையனின் தாய் இறந்துபோயிருந்தாள், அது தொடர்பான குற்ற வழக்கு கணவர்மேல் நிலுவையில் இருந்தது. கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் பையனைத் தகப்பனிடமே விடச் சொல்லியிருந்தன. கேட்பவரின் நடத்தையையும், அவர்மேல் உள்ள வழக்கையும், போகமாட்டேன் என்று பையனே சொன்னதையும் எடைபோடாமல் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று கேட்டு, அந்த உத்தரவுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பையன் தாய்வழித் தாத்தா பாட்டியிடமே இருந்தான்.

ஆகவே மனுவில் ஆபத்தைக் கண்ணால் பார்க்கிற மாதிரி எழுத வேண்டும். “அவர் குடிகாரர், பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை” என்ற வரி எல்லா மனுவிலும் இருக்கும், படிக்கிறவர் கண்ணில் ஒட்டாது. “இன்ன தேதி இரவு ஒன்பது மணிக்கு, குடித்த நிலையில் மகளை முன்னால் உட்காரவைத்து பைக் ஓட்டினார், விழுந்ததில் குழந்தையின் முழங்கை பிசகியது, அரசு ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி இணைத்துள்ளேன்” என்று எழுதுங்கள். மகளிர் ஸ்டேஷனில் கொடுத்த புகாரின் சி.எஸ்.ஆர். ரசீது, மிரட்டி வந்த வாட்ஸ்அப் செய்தி, பள்ளி வாசலில் நடந்த ரகளையைப் பார்த்த ஆசிரியர் என்று ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு சாட்சி வேண்டும். நடக்காததைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஒரு பொய் குறுக்கு விசாரணையில் உடைந்தால், பக்கத்தில் இருக்கிற ஒன்பது உண்மையும் அதோடு போகும். அதன் விலையைப் பிள்ளை கொடுக்கும்.

மெயின் மனு வாய்தாமேல் வாய்தாவாக இழுக்கும். அதனால் இடைக்கால மனுவையும் கூடவே போடச் சொல்லுங்கள். வீட்டில் அடி உதை இருந்தால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பெண்களுக்கு இன்னொரு வழியைத் திறக்கிறது. அதன் 21ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் பிள்ளையைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் விடலாம். அப்பா வந்து பார்ப்பதே பிள்ளைக்குக் கேடு என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால், சந்திப்பை மறுத்தே ஆக வேண்டும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போனால் மனு எழுதவே உதவுவார். வக்கீல் வைக்க வசதியில்லையா? இலவச சட்ட உதவிக்குப் பெண்களிடம் வருமானச் சான்று கேட்பதில்லை.

ஆனாலும் சந்திப்பை அடியோடு நிறுத்தக் கோர்ட் லேசில் சம்மதிக்காது. பெற்றவர் இருவரின் பாசமும் பிள்ளைக்கு வேண்டும் என்பதுதான் அதன் தொடக்கப் புள்ளி. என் பார்வையில் அது சரியானதே. நடுவழிதான் மேற்பார்வையில் சந்திப்பு. அதைக் கேட்கும்போது “யாராவது கூட இருக்கட்டும்” என்று விட்டுவிட்டால் அந்த யாராவது அப்பாவின் தம்பியாக வந்து நிற்பார். எந்த இடம், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், கூட இருப்பது யார், பிள்ளையை வெளியே கூட்டிப்போகலாமா, குடித்து வந்தால் என்ன, எல்லாம் வேண்டுதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். சில குடும்ப நீதிமன்ற வளாகங்களில் இதற்கென்றே குழந்தைகள் அறை உண்டு. அம்மா வெளியே பெஞ்சில் இருக்க, உள்ளே அப்பா பிள்ளையோடு பொம்மை வைத்து விளையாடுவார். இடம் அந்நியமாக இருந்தால் பிள்ளை மிரளும். முதல் தடவைக்கு முன்னால் அங்கே ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.

கஸ்டடி உத்தரவு எதுவும் கல்லில் வெட்டியதல்ல. சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973இலேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது: பிள்ளைகள் பெற்றோரின் உடைமை அல்ல, நிலைமை மாறினால் உத்தரவும் மாறலாம். அப்பா குடியை விட்டுத் தவறாமல் வந்து பார்த்தால் கூடுதல் நேரம் கேட்பார், கேட்கட்டும். மறுபடி மிரட்டினால் நீங்கள் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். அதனால் ஒவ்வொரு சந்திப்பையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், நல்லபடியாக நடந்ததையும் சேர்த்து. இடைக்கால உத்தரவு கைக்கு வந்த அன்றே அதன் நகலைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, சாயந்திரம் பிள்ளையை யாரோடு அனுப்பலாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.