மூச்சும் நாவும்



என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் வந்திருந்தார். கைப்பேசியில் ஒலிக்கும் குரலுக்கேற்ப நாள்தோறும் பத்து நிமிடம் மூச்சைக் கவனிக்கிறாராம். "மனம் அமைதியுறுகிறது, ஐயா, ஆயின், பொய் சொல்லிப் பொருள் விற்கும் என் வேலை இப்போது உறுத்துகிறது" என்றார்.

இப்பயிற்சியின் வேர், புத்தர் பெருமான் வகுத்த எண்வகை நெறியில் ஏழாவதாகிய நற்கடைப்பிடி, அதாவது விழிப்புடைமை. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் என்பார் அதனைச் சமயச் சார்பின்றி நோயாளர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். பலர் வலியும் கவலையும் தணியப் பெற்றனர், அது நன்றே.

ஆயினும், அந்நெறியில் மூன்றாவது நல்வாய்மை. ஐந்தாவது நல்வாழ்க்கை, அதாவது பிறர்க்குத் தீங்கிழையாத தொழில். படைக்கலம், உயிர், ஊன், கள், நஞ்சு ஆகியவற்றை விற்றலாகாது என இல்லறத்தார்க்குப் பௌத்த நூல் விதிக்கின்றது. 1956-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவிய டாக்டர் அம்பேத்கரும், மனிதர் ஒருவரோடொருவர் ஒழுகும் முறையிலேயே அறத்தைக் கண்டார். எட்டில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தால் மனநிம்மதி கிட்டலாம், நெறி கிட்டாது.

அம்மாணவரிடம், "உறுத்தல் உன் பயிற்சியின் பயனே, தம்பி. ஒரு நாள் மெய் சொல்லி விற்றுப் பார்" என்றேன். உங்கட்கும் யான் கூறுவது அதுவே. மூச்சைக் கவனியுங்கள்; உடன் நாவையும் கவனியுங்கள்.