தீவன நிலத்தில் கம்பி, ஆணி தேட மெட்டல் டிடெக்டர்: எந்த அளவு காயில் வாங்கலாம்?

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் பல இடங்களில் தொழிற்சாலைச் சுவரை ஒட்டியே விளைநிலம் இருக்கிறது. கட்டட வேலையில் சிதறும் கட்டுக்கம்பி, பழைய டயரை எரித்த இடத்தில் மிஞ்சும் எஃகு இழை, பசுமைக்குடிலில் ஷீட் மாற்றும்போது விழும் ஸ்பிரிங் துண்டு, குப்பை எருவோடு வரும் ஆணி எனப் பல வழிகளில் இரும்பு நிலத்துக்குள் வந்துவிடுகிறது. ஓர் உழவில் புதைவது அடுத்த உழவில் மேலே வருகிறது. தீவனப்புல்லோடு சேர்ந்து நறுக்கும் இயந்திரத்தில் துண்டாகி, கடைசியில் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது.

மாடு நாக்கால் வளைத்து இழுத்து, அதிகம் மெல்லாமல் விழுங்கும். உள்ளே போன கம்பி, தேன்கூடு போன்ற அமைப்புள்ள இரண்டாவது இரைப்பையில் தங்கும். அந்தப் பைக்கு முன்னால், உதரவிதானத்துக்கு அந்தப்புறம் இதயம் இருக்கிறது. பை சுருங்கும்போது கூர்மையான கம்பி குத்திக்கொண்டு முன்னே போனால், இதய உறையில் சீழ் பிடித்து மாடு இறந்துபோகும். நிலத்தில் கிடக்கும்போதே கம்பியைப் பொறுக்கிவிட்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். அதற்கு மெட்டல் டிடெக்டர் உதவும். ஆனால் அதன் அடியில் இருக்கும் வட்டமான காயில் சரியான அளவில் இருக்க வேண்டும்.

காயில் என்ன செய்கிறது?

காயிலில் மின்சாரம் பாயும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலத்துக்குள் உலோகம் வந்தால் புலம் மாறும். அந்த மாற்றத்தைக் கருவி ஒலியாகத் தெரிவிக்கிறது. காயில் பெரிதானால் புலம் ஆழமாகப் போகும். ஆனால் பரந்து விரியும். சிறிய காயிலின் புலம் ஆழம் குறைவு. ஆனால் ஓரிடத்தில் குவிந்திருக்கும். அதனால் சின்னப் பொருளும் தெளிவாகப் பிடிபடும்.

எந்த அளவு எதற்கு?

5 முதல் 6 அங்குலம்: கொட்டகை முற்றம், வேலி ஓரம், எருக்குழி போன்று இரும்பு நெருக்கமாகக் கிடக்கும் இடங்களுக்கு ஏற்றது. அருகருகே கிடக்கும் இரண்டு துண்டுகளைத் தனித்தனியாகக் காட்டும். பெரிய நிலத்தில் இதை வைத்துத் தேடினால் நேரம் அதிகமாகும்.

8 முதல் 9 அங்குலம்: தீவன நிலத்துக்கு இதுவே பொருத்தம். தீவனத்தோடு சேர்வது மேல்மண்ணில் கிடக்கும் துண்டுதான். அதற்கு இந்த அளவு போதும். எடையும் குறைவு என்பதால் பெண்களும் முதியவர்களும் கை வலிக்காமல் பிடித்து நடக்கலாம்.

12 முதல் 15 அங்குலம்: புதைந்துபோன இரும்புக் குழாய், உடைந்த கலப்பைக் கொழு போன்ற பெரிய பொருட்களைத் தேட உதவும். மெல்லிய கம்பித் துண்டைத் தவறவிட வாய்ப்பு அதிகம். "பெரிய காயில்தான் நல்லது" என்று கடையில் சொன்னாலும், தேடும் பொருள் எது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்தப் பகுதிச் செம்மண்ணில் இரும்புச் சத்து உண்டு. மண்ணே கருவியைக் கத்த வைக்கும். காயில் பெரிதானால் இந்தத் தொல்லையும் கூடும். 'டபுள் டி' வகைக் காயிலில் இது குறைவு. மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யும் வசதி கருவியில் இருக்க வேண்டும். எல்லாக் காயிலும் எல்லாக் கருவிக்கும் பொருந்தாது. மாற்றுக் காயில் வாங்கும்போது கருவியின் மாடலைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

தேடும் முறை

நாணயம் தேடுவோர் இரும்பை ஒதுக்கும்படி கருவியை அமைப்பார்கள். விவசாயிக்கு இரும்புதான் வேண்டும். ஆகவே எல்லா உலோகத்தையும் காட்டும் அமைப்பில் வைக்க வேண்டும். உழுது சமன்படுத்திய பின், புல் நடுவதற்கு முன் தேடுவது நல்லது. காயிலைத் தரையிலிருந்து 2 முதல் 3 செ.மீ. உயரத்தில், தரைக்கு இணையாக, மெதுவாக வீச வேண்டும். ஒரு வீச்சின் பாதி அகலத்தை அடுத்த வீச்சு மூட வேண்டும். உயர் மின்னழுத்தக் கம்பிக்கு அடியில் தவறான ஒலி வரும். அங்கே கருவியின் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் 3 செ.மீ. கட்டுக்கம்பியை மண்ணில் புதைத்து, எவ்வளவு ஆழம் வரை கருவி காட்டுகிறது என்று சோதிப்பது அவசியம். ஒரு கருவியை ஒரு குழுவாகச் சேர்ந்து வாங்கினால் செலவு குறையும்.

கவனம் தேவை

கல்குவாரி அருகே ஒயர் இணைந்த சிறு உலோகக் குழல் கிடைத்தால் தொடக் கூடாது. வெடிக்காத டெட்டனேட்டராக இருக்கலாம்; காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

கிருஷ்ணகிரி பழமையான பகுதி. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த சான்றுகள், கி.மு. 2172-லேயே இங்கு இரும்பு புழங்கியதைக் காட்டுவதாக 2022-இல் தமிழக அரசு அறிவித்தது. கல்வட்டம், பழைய பானை ஓடு உள்ள இடத்தில் ஒலி கேட்டாலும் தோண்டக் கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

டிடெக்டர் மட்டும் போதுமா?

போதாது. நறுக்கும் இயந்திரத்தில் தீவனம் வந்து விழும் வாயில் வலுவான காந்தம் பொருத்தலாம். கால்நடை மருத்துவர் மூலம் மாட்டின் வயிற்றிலும் காந்தம் செலுத்தலாம். அது இரும்புத் துண்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பு, அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது. கம்பி தெரியும் பழைய டயரைத் தீவனத் தொட்டியாக வைக்கக் கூடாது.

பால் திடீரெனக் குறைவது, தீனி எடுக்காதது, முதுகை வளைத்து முழங்கையை விரித்து நிற்பது, சரிவில் இறங்கத் தயங்குவது, தாடைக்கடியிலும் முன்மார்பிலும் வீக்கம் ஆகியவை கம்பி குத்தியதன் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது டிடெக்டரை மாட்டின் மார்பில் வைத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நலமாக உள்ள மாட்டின் வயிற்றிலும் இரும்பு இருக்கக்கூடும். வயிற்றுப்போக்கு மருந்து, கஷாயம் என்று நாட்களைக் கடத்தாமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கம்பி இதயத்தை எட்டும் முன் சிகிச்சை கிடைத்தால்தான் மாட்டைக் காப்பாற்ற வழி உண்டு.